மூணு நூல் போல்ட்

எந்த ஊர் ஹார்ட்வேர் கடையிலும் “மூணு நூல் போல்ட் ஒண்ணு குடுங்கண்ணே” என்று கேட்டால், கடைக்காரர் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: “நீளம் எவ்வளவு?” நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மூணு நூல் என்றால் 3/8 அங்குலக் குறுக்களவு. நீளத்தைச் சொன்னதும் டப்பாவில் கைவிட்டு எடுத்துத் தந்துவிடுவார். கேட், கிரில், தண்ணீர்த்தொட்டி ஸ்டாண்டு என்று வீட்டு வேலை எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு அளவு போதும்.

1960களின் அம்பாசடர் ஒன்றை அக்கு அக்காகக் கழற்றிப் போட்டுவிட்டு, அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர உட்கார்ந்திருப்பவருக்கு அவை போதாது. அந்தக் கார் எதிர்பார்க்கும் 3/8 அங்குல போல்ட்டில் ஓர் அங்குல நீளத்துக்கு 24 மரை இருக்கும். கடை டப்பாவில் கிடக்கும் போல்ட்டில் பெரும்பாலும் 16 மரைதான். கார் கேட்பது வெப்பப் பதம் கொடுத்த உறுதியான எஃகு. டப்பாவில் இருப்பது சாதாரண மைல்டு ஸ்டீல். துளைக்குள் இரண்டும் நுழையும். புது நட்டும் சேர்த்து வாங்கிப் போட்டால் இரண்டும் இறுகும். கையில் வைத்துப் பார்த்தால் சகோதரர்கள் மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒன்று தாங்கும் சுமையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மற்றது தாங்கும்.

இந்த மூன்று மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று புரிய, போல்ட் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். இரண்டு தகடுகள் நகராமல் குறுக்கே செருகிய ஆணி என்றுதான் பலரும் அதை நினைக்கிறோம். சரியாக இறுக்கிய போல்ட் ஒரு விறைத்த ஸ்பிரிங். நட்டைத் திருகத் திருக, மரையின் சரிவில் நட்டு ஏறுகிறது. தலைக்கும் நட்டுக்கும் நடுவில் இருக்கும் எஃகுத் தண்டு இழுபட்டு நீள்கிறது. நீண்ட எஃகு சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் விசைதான் இரண்டு தகடுகளையும் கவ்விப் பிடிக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த விசை வியக்க வைக்கும். நல்ல தரத்தில் செய்த 3/8 அங்குல நுண்மரை போல்ட், நிரந்தரமாக நீண்டு போகாமல் ஏறக்குறைய 3.4 டன் இழுவிசை தாங்கும். அதில் நான்கில் மூன்று பங்குக்கு, அதாவது சுமார் 2.5 டன்னுக்கு இறுக்குவது வழக்கம். அந்த நிலையில் 50 மில்லிமீட்டர் நீளமுள்ள தண்டு எவ்வளவு நீண்டிருக்கும்? ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் பருமனைவிடச் சற்றே கூடுதல். காரின் சக்கரமும் ஸ்டீயரிங்கும் சிலிண்டர் ஹெட்டும் இந்த அளவு நீட்சியை நம்பித்தான் நிற்கின்றன.

மைல்டு ஸ்டீல் போல்ட்டைப் போட்டு அதே 2.5 டன்னுக்கு இறுக்க முயன்றால், ஒரு டன்னைத் தாண்டியதுமே எஃகு விட்டுக்கொடுக்க ஆரம்பிக்கும். ஸ்பேனர் சுற்றிக்கொண்டே இருக்கும், இறுக்கம் ஏறாது. அனுபவமுள்ள மெக்கானிக்கின் கைக்கு இது உடனே தெரியும். “போல்ட் இழுக்குது” என்பார். அந்த நேரத்தில் அவர் உணர்வது எஃகின் நிரந்தர நீட்சியைத்தான்.

கவ்வும் விசை குறைந்தால் பாகங்கள் ஆடும் என்பது தெரிந்த சங்கதி. போல்ட்டுக்கே என்ன ஆகும் என்பது அவ்வளவாகத் தெரியாது. தகடுகள் இறுகக் கவ்வப்பட்டிருக்கும்போது, சாலைக் குழியில் சக்கரம் இறங்கி எழும் அதிர்ச்சியில் பெரும்பங்கைத் தகடுகளே வாங்கிக்கொள்கின்றன. போல்ட்டின் இழுவிசையில் சிறு ஏற்ற இறக்கம்தான் வரும். இறுக்கம் தளர்ந்துவிட்டால் ஒவ்வோர் அடியும் முழுசாகப் போல்ட் மேலேயே விழுகிறது. ஏறி இறங்கும் விசையை லட்சக்கணக்கான தடவை வாங்கும் எஃகில் முதலில் மயிரிழை வெடிப்பு. பிறகு ஒருநாள் முறிவு. முறிவு பெரும்பாலும் நட்டுக்குள் நுழையும் முதல் மரையில்தான் நடக்கும். நட்டில் எத்தனை மரை இருந்தாலும், மொத்தச் சுமையில் மூன்றில் ஒரு பங்கை அந்த முதல் மரையே சுமக்கிறது. நட்டு கூடுதல் உயரமாக இருந்தால் கூடுதல் பலம் என்று நினைப்பது இதனால்தான் பலிப்பதில்லை.

சர்வீஸ் கையேட்டில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் டார்க், அதாவது இறுக்கும் திருகுவிசையின் அளவு, கொடுத்திருப்பார்கள். மேலே சொன்ன 2.5 டன்னை எட்ட, காய்ந்த மரையில் சுமார் 48 நியூட்டன் மீட்டர், அதாவது 35 அடி-பவுண்டு, தேவைப்படும். நாம் ஸ்பேனரில் போடும் உழைப்பைப் பத்துப் பங்காகப் பிரித்தால், ஏறக்குறைய ஐந்து பங்கு தலைக்கடியில் உராய்விலும், நான்கு பங்கு மரை உராய்விலும் போய்விடுகிறது. போல்ட்டை நீட்டுவது மிச்சமிருக்கும் ஒரே பங்குதான். அந்த உராய்வு கொஞ்சம் மாறினாலும் கணக்கு தலைகீழ். மரையில் எண்ணெய் தடவிவிட்டு அதே 35 அடி-பவுண்டு இறுக்கினால் இழுவிசை மூன்றில் ஒரு பங்கு கூடி, போல்ட்டின் தாங்கும் எல்லைக்கே போய் நிற்கும். மரை துருவேறியிருந்தால் நேர்மாறு: டார்க் ரெஞ்ச் ‘கிளிக்’ என்று சொல்லும், உள்ளே இறுக்கம் பாதிகூட வந்திருக்காது. ஆகவே கையேட்டின் எண்ணைப் பார்க்கும்போது, அது காய்ந்த மரைக்கா எண்ணெய் தடவியதற்கா என்ற வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மரையைச் சுத்தம் செய்யாமல் டார்க் ரெஞ்சை எடுப்பது வீண்.

இனி மரைகளின் குடும்பக் கதை. 1841இல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தின் பட்டறைகளில் புழங்கிய திருகாணிகளைச் சேகரித்து, சராசரி பார்த்து, 55 பாகை கோணத்தில் வட்டமான முகடுகளோடு ஒரு பொது மரையை முன்வைத்தார். 1864இல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையில், தட்டையான முகடுகளோடு இன்னொன்றை முன்வைத்தார். இரண்டாம் உலகப் போரில் ஒரே அணியில் நின்ற இரு நாடுகளும் ஒன்றின் நட்டை மற்றதன் போல்ட்டில் போட முடியாமல் தவித்தன. 1948 நவம்பரில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் 60 பாகை யூனிஃபைடு மரைக்கு ஒப்புக்கொண்டன. யு.என்.எஃப். என்பது அதன் நுண்மரை, யு.என்.சி. பருமரை. 1950களில் பிரிட்டிஷ் கார்கள் ஒவ்வொன்றாக அதற்கு மாறின. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்த நம் அம்பாசடரும், சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஃபியட் வழி வந்த பிரீமியர் பத்மினி முழுக்க மெட்ரிக்.

ஆனால் ஒரு கார் ஒரே குடும்பம் என்று நம்பிவிடக் கூடாது. அம்பாசடர் காலத்து லூகாஸ் மின்பாகங்களின் டெர்மினல்களிலும் எஸ்.யு. கார்புரேட்டரின் சிறு திருகுகளிலும் பி.ஏ. என்னும் வேறொரு மரை இருக்கும். அதன் கோணம் 47.5 பாகை. 1990களில் வந்த இசுசு எஞ்சின் அம்பாசடரிலோ எஞ்சின் மெட்ரிக், பாடியின் பல இடங்கள் பழைய அங்குலம். எம்.ஜி. டி வரிசைக் கார்களின் எஞ்சின் இன்னும் விசித்திரம். அதன் கதை தொடங்குவது 1923இல்: மோரிஸ் நிறுவனம் கவென்ட்ரியில் இருந்த ஹோட்ச்கிஸ் ஆலையை வாங்கியது. அது பிரெஞ்சு நிறுவனத்தின் கிளை. இயந்திரங்கள் எல்லாம் மெட்ரிக் மரை வெட்டுபவை. அவற்றை மாற்றாமல், பிரிட்டிஷ் மெக்கானிக்கின் ஸ்பேனர் பொருந்த வேண்டும் என்பதற்காகத் தலையை மட்டும் விட்வொர்த் அளவில் செய்தார்கள். 1950களின் எம்.ஜி. டி.எஃப். வரை அந்த வழக்கம் தொடர்ந்தது. விட்வொர்த் ஸ்பேனர் கச்சிதமாக உட்காருவதைப் பார்த்து மரை வெட்டும் விட்வொர்த் டேப்பை உள்ளே விட்டவர், அந்த எஞ்சின் பிளாக்கின் மரையை அழித்துவிட்டிருப்பார். தலையின் அளவு ஸ்பேனரைத்தான் சொல்லும், மரையைச் சொல்லாது.

மரையை அறிய ஒரே வழி அளப்பது. வெர்னியரில் வெளிக்குறுக்களவு பார்த்து, பல்சக்கரம் போல் விளிம்பு கொண்ட பிட்ச் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக மரைமேல் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். சரியான தகடு என்றால் பல்லுக்கும் மரைக்கும் நடுவில் ஒரு கீற்று வெளிச்சமும் வராது. இரண்டு மூன்று மரையில் பொருந்துவது போலத் தோன்றும் தகடுகள் உண்டு. ஆகவே குறைந்தது பத்து மரை நீளமாவது வைத்துப் பாருங்கள். கேஜ் இல்லையென்றால், மரை இன்னதென்று உறுதியாகத் தெரிந்த போல்ட்டை எடுத்து, இரண்டின் மரையையும் பக்கவாட்டில் கோத்துப் பார்க்கலாம். முழு நீளத்துக்கும் பல்லோடு பல் உட்கார வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்றால், சில ஜோடிகள் ஏமாற்றுவதற்கென்றே பிறந்தவை. ரெண்டரை நூல், அதாவது 5/16 அங்குலம், 7.94 மில்லிமீட்டர். எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் 0.06 மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாது. மரை இடைவெளியோ எட்டு மில்லிமீட்டருக்கு 1.25, யு.என்.எஃப்.க்கு 1.06. ஒன்றின் நட்டை மற்றதில் போட்டால் ஓரிரு சுற்றுப் போய் நிற்கும். அங்கே நீளமான ஸ்பேனரைப் போட்டு அழுத்துபவர், மரையை அறுத்துக்கொண்டே இறுக்குகிறார். 3/8 அங்குல விட்வொர்த்துக்கும் யு.என்.சி.க்கும் அங்குலத்துக்கு 16 மரைதான். கோணம் மட்டும் வேறு. இரண்டும் கடைசிவரை சுகமாகத் திருகிப் போகும். ஆனால் மரையின் பக்கச்சுவர் முழுசாக ஒட்டாமல் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது பிரேக் குழாய் இணைப்பு. பழைய பிரிட்டிஷ் கார்களின் பிரேக் பைப் நட்டு 3/8 அங்குலம், 24 மரை. மெட்ரிக் கார்களில் 10 மில்லிமீட்டர், 1 மில்லிமீட்டர் இடைவெளி. பழைய காரில் பிற்காலத்துக் காரின் மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்துகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 9.5 மில்லிமீட்டர் நட்டு 10 மில்லிமீட்டர் துளைக்குள் எளிதாக ஏறும், இறுகவும் இறுகும், ஒழுகாமலும் இருக்கும். உண்மையில் மரையின் நுனிகள் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கும். அவசரத்தில் பிரேக்கை முழுசாக மிதிக்கும் தருணத்தில், குழாயில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது, மரை பிய்ந்து குழாய் வெளியே வரும். சும்மா நிறுத்தி வைத்துச் சோதித்தால் இந்தத் தவறு தெரியவே தெரியாது. ஒரு மீட்டெடுப்பில் நான் யாரையும் நம்பாமல் நானே அளந்து பார்க்க நினைக்கும் இடம் இதுதான்.

சரியான மரை எப்போதும் விரலாலேயே நான்கைந்து சுற்றுப் போகும். விரலுக்கு மறுத்தால் ஸ்பேனரை எடுக்காதீர்கள். கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி அளந்து பாருங்கள்.

அடுத்தது எஃகின் தரம். அது போல்ட்டின் தலையில் எழுதியிருக்கும். மெட்ரிக் போல்ட்டில் 8.8 என்றிருந்தால், முதல் எண் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் முறிவு வலிமையையும், இரண்டாவது எண் அதில் 80 விழுக்காட்டில் எஃகு விட்டுக்கொடுக்கும் என்பதையும் சொல்கிறது. மைல்டு ஸ்டீலின் 4.6இல் அதே கணக்கு 400க்கும் 240க்கும் இறங்கிவிடும். அங்குல போல்ட்டில் அமெரிக்க முறைப்படி மையத்திலிருந்து விரியும் மூன்று கோடுகள் என்றால் கிரேடு 5, அது 8.8க்கு ஏறக்குறைய சமம். ஆறு கோடுகள் கிரேடு 8. பழைய பிரிட்டிஷ் யூனிஃபைடு போல்ட்டுகளின் தலையில் வட்டமான பள்ளமோ, ஒன்றையொன்று தொட்ட மூன்று வட்டங்களோ இருக்கும். அது மரையின் அடையாளம். பக்கத்திலேயே தயாரித்தவரின் முத்திரையும் இருக்கும். சென்னை சுந்தரம் ஃபாசனர்ஸின் போல்ட் தலைகளில் டி.வி.எஸ். என்ற எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். முத்திரை போட்டவர் தரத்துக்குப் பொறுப்பேற்கிறார். தலை மொட்டையாக இருந்தால் அதை மைல்டு ஸ்டீல் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியென்றால் இருப்பதிலேயே உறுதியான 12.9ஐ எல்லா இடத்திலும் போட்டுவிடலாமே என்று தோன்றும். கவ்வும் விசையைத் தீர்மானிப்பது டார்க். எஃகின் தரம் அந்த விசைக்கு எல்லை வகுக்கிறது, அவ்வளவே. 8.8க்குக் கொடுத்த டார்க்கில் 12.9ஐ இறுக்கினால் அதே 2.5 டன்தான் கிடைக்கும். போல்ட் வலுவானது என்று டார்க்கைக் கூட்டினால், எதிரே இருக்கும் அலுமினியத்தின் மரை பிய்ந்து வரும். அதோடு, மிகக் கடினமான எஃகை முலாமுக்காக அமிலத்தில் முக்கும்போது ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளே புகுந்து எஃகை நொறுங்க வைக்கும். அப்படிப்பட்ட போல்ட் இறுக்கிய அன்று நன்றாக இருந்து, சில நாள் கழித்து நின்ற இடத்திலேயே முறியக்கூடும். முலாம் போட்ட கையோடு 200 பாகை செல்சியஸ் அளவில் பல மணி நேரம் சூட்டில் வைத்தால் அந்த ஹைட்ரஜன் வெளியேறும். தெருமுனை முலாம் பட்டறையில் இதைச் செய்கிறார்களா என்று கேட்காமல் பழைய உயர்தர போல்ட்டுகளைக் கொடுத்துவிடாதீர்கள். முலாமின் தடிமனையும் கேளுங்கள். அது பத்து மைக்ரான் ஏறினால், சரிவான மரைச்சுவர்களின் கணக்கில் மரையின் குறுக்களவு நாற்பது மைக்ரான் கூடிவிடும்; கச்சிதமாக இருந்த நட்டு ஏறாமல் போகும்.

பளபளப்பில் மயங்கி எல்லா இடத்திலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுவது இன்னொரு பழக்கம். துருப்பிடிக்காது, உண்மைதான். ஆனால் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 வகை சதுர மில்லிமீட்டருக்கு 450 நியூட்டனிலேயே விட்டுக்கொடுத்துவிடும், 8.8 தாங்குவது 640. ஸ்டெயின்லெஸ் நட்டும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் வேகமாகத் திருகப்படும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அறுத்தால்தான் வரும் என்ற நிலைக்கும் போகும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று சேர்ந்தால், ஸ்டெயின்லெஸ் போல்ட்டைச் சுற்றியிருக்கும் அலுமினியம் அரித்துப்போகும். நம்பர் பிளேட், மட்கார்டு, உள் அலங்காரம் ஆகியவற்றுக்குத் தாராளமாகப் போடுங்கள். சஸ்பென்ஷனிலும் பிரேக்கிலும் வேண்டாம்.

லேத் பட்டறையில் ராடு எடுத்துக் கடைந்து வாங்கும் போல்ட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நம் பட்டறைக்காரர்களின் கைத்திறன் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. கிடைக்காத ஒரு பாகத்தைப் பார்த்த மாத்திரத்தில் செய்து தருவார்கள். ஆனால் ஆலையில் போல்ட்டின் மரை வெட்டப்படுவதில்லை. இரண்டு அச்சுகளுக்கு நடுவே உருட்டி அழுத்தி எழுப்பப்படுகிறது. அப்படிச் செய்யும்போது மரையின் அடிப்பள்ளம் அழுந்தி இறுகி, வெடிப்பு தொடங்குவதைத் தடுக்கிறது. லேத் உளி வெட்டிய மரையில் அந்தக் காப்பு இல்லை. கூரான கீறல்கள் இருக்கும், வெடிப்பு அங்கிருந்தே கிளம்பும். இ.என்.8 எஃகு ராடு என்று சொல்லிக் கொடுத்தாலும், பதம் கொடுக்காத எஃகு பதம் கொடுத்ததாகிவிடாது. விளக்குத் தாங்கிக்கு லேத் போல்ட் போதும். ஸ்டீயரிங் கைக்குப் போதாது.

மரையே தாங்கியாக வேலை செய்யும் இடமும் ஒன்று உண்டு. ஸ்டாண்டர்டு ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் கீழ்முனை மரை போட்டு, ஒரு பித்தளைத் துண்டுக்குள் திருகியிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது; ஒரு பக்கம் வலமரை, மறுபக்கம் இடமரை. அதற்குத் தடித்த கியர் ஆயில் போட வேண்டும் என்பது தயாரித்தவர்களின் அறிவுரை. கிரீஸ் அடித்தால் அது கெட்டிப்பட்டு, தண்ணீர் புகுந்து, துருப்பிடித்த தண்டு மரையடியில் முறியும். சக்கரம் மடிந்து விழும். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் அந்த இரண்டு தண்டுகளையும் கழற்றி வெடிப்புச் சோதனை செய்யாமல் வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரக் கூடாது.

நட்டு கழலாமல் இருக்க ஸ்பிரிங் வாஷர் போட்டால் போதும் என்ற நம்பிக்கை உலகம் முழுவதும் உண்டு. 1969இல் ஜெர்மனியின் கெர்ஹார்ட் யுங்கர், போல்ட்டுக்குக் குறுக்குவாக்கில் அதிர்வு கொடுத்துச் சோதித்துக் காட்டினார்: பாகங்கள் பக்கவாட்டில் வழுக்கினால் நட்டு தானாகக் கழல்கிறது, ஸ்பிரிங் வாஷரால் அதைத் தடுக்க முடியவில்லை. வழுக்காத அளவுக்குக் கவ்வும் விசை இருப்பதே முதல் பாதுகாப்பு. பழைய காரின் அழகுக்காக வாஷரை இருந்த இடத்தில் போடுங்கள், அதை நம்பாதீர்கள். கோட்டை நட்டும் ஸ்பிளிட் பின்னும் இருந்த பால் ஜாயின்டில் அவையே இருக்கட்டும். பின் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிது. நைலான் வளையம் வைத்த நட்டுகள் நல்லவைதான், ஆனால் சுமார் 120 பாகைக்கு மேல் நைலான் இளகிவிடும். சைலன்சர் பக்கம் அவை வேண்டாம். அங்கே பித்தளை நட்டு போட்டால் அடுத்த முறை கழற்றவும் வரும்.

ஆகவே காரைக் கழற்றும்போதே ஒவ்வொரு இடத்துப் போல்ட்டையும் தனித்தனிப் பையில் போட்டு, எந்த இடம் என்று எழுதி வையுங்கள். துருப்பிடித்தது என்று எதையும் உடனே தூக்கி எறியாதீர்கள். தலையில் இருக்கும் குறியும் மரையும் நீளமும்தான் உங்களுக்கு மிஞ்சிய மூல ஆவணம். காசு குறைவாக இருந்தால் பெயின்ட்டையும் குரோமையும் தள்ளிப்போடுங்கள். பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் இந்த மூன்றுக்கும் மரையும் தரமும் அளந்து, தலையில் குறியுள்ள போல்ட்டை முதலில் வாங்குங்கள். மொட்டைத் தலை போல்ட் ஒன்றுகூட அந்த மூன்று இடத்தில் இருக்க வேண்டாம்.